பதினொரு தகடுகள்

விஜயபாண்டிக்குப் பயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீக்கடையிலிருந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். முகம் தெரியாத ஒரு மனிதர் வடையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "மரத்துல நம்பர் தகடு கட்டிட்டா அம்புட்டுத்தான். அந்த மரம் பொறவு காட்டிலாகாவுக்கு. மரம் போனா மண்ணும் போச்சு."

சொன்னவர் கை துடைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். கேட்டவருக்குத்தான் அன்று முதல் சோறு இறங்கவில்லை. இறங்குமா? அவர் தோப்பில் தகடு கட்டியதே அவர் பெற்ற மகள்தானே!

தொடர்ந்து படிப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். மாரிச்செல்வி பல்கலைக்கழகத்தில் இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கிறாள். மூன்றாம் வருஷம், கடைசி செமஸ்டர். தேவதானத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் அப்பாவின் தோப்பு. மாவும் புளியும் கலந்து நிற்கும். அங்கே சாம்பல் அணில் கூடு கட்டியிருக்கும் மரங்களைக் கணக்கெடுப்பதுதான் அவளுடைய ப்ராஜெக்ட். பதினான்கு மரங்களில் கூடு இருந்தது. பதினான்கிலும் எண் அடித்த அலுமினியத் தகட்டைக் கம்பியால் கட்டிவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சித்தப்பா சங்கிலிப்பாண்டியின் தோப்பு. "அணிலை எண்ணுறேன், ஓணானை எண்ணுறேன்னு என் வேலிக்கு இங்கிட்டு வந்தே, காலை ஒடிச்சுப்புடுவேன்" என்று அவர் போன வாரம் சத்தம் போட்டதில் மாரிச்செல்வி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அதை வைத்து உங்களில் பலர் சித்தப்பாவைத் திட்டிக் கடிதம் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

சனிக்கிழமை காலை ஏழரை மணி. தோப்பைச் சரிபார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஷெரின் மேடம் வருகிற நாள். மாரிச்செல்வி முந்தின நாள் சாயங்காலம்தான் ஊருக்கு வந்திருந்தாள். இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது அப்பா தன் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார்.

"ஏட்டி செல்வி, உங்க மேடம் மரத்த எண்ணுவாங்களா, தகட்ட எண்ணுவாங்களா?"

"ரெண்டையும்தாம்ப்பா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். மொத்தத்துல பதினாலு இருந்தாப் போதும்ல?"

"பதினாலும் இருக்கும். அது காலு முளைச்சு எங்க போகப் போகுது?"

விஜயபாண்டிக்குப் புரையேறியது. தண்ணீர்ச் செம்பை நகர்த்திய ஈஸ்வரி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

"என்னங்க, இன்னைக்குச் சவரமெல்லாம் பலமா இருக்கு? கோயில் கொடைக்குச் சொன்னாலே ரெண்டு நாள் இழுப்பீங்களே."

"படிச்ச மனுசி வாரா. அழுக்குச் சட்டையோடயா போயி நிக்கச் சொல்லுத?"

"நீங்க எதுக்கு நிக்கணும்? ப்ராஜெக்ட்டு அவளுக்கா, உங்களுக்கா?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் குடும்பம் நடத்தியவளுக்கு இது தெரியாதா? இந்த மனுஷன் எதையோ முழுங்கிவிட்டு நிற்கிறார் என்று ஈஸ்வரிக்குப் பட்டது. என்னவென்றுதான் பிடிபடவில்லை. மகளிடம் சொல்லலாம் என்று வாசலுக்கு வந்தாள். அதற்குள் மாரிச்செல்வி ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஷெரின் மேடம் தோளில் ஒரு பை, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். நாகர்கோவில்காரர். முப்பத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும். ஆனால் அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தால், செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் செண்பகத்தோப்பில் இன்னொரு மாணவனின் வேலையைச் சரிபார்த்துவிட்டு, அங்கேயே தங்கியிருந்து வருகிறார்.

"வினோத் வேலை எப்படி மேடம் இருந்துச்சு?" ஸ்கூட்டி சேத்தூர் ரோட்டில் ஏறியதும் மாரிச்செல்வி கேட்டாள்.

"முப்பது இடத்துக்குப் போனேன்னு எழுதியிருக்கான். போனது பத்து. மிச்சம் இருபதும் ரூம்ல உக்காந்து எழுதினது. நேத்தே நிறுத்தியாச்சு. அடுத்த வருஷம் ஜூனியர் பசங்களோட சேர்ந்து முதல்ல இருந்து செய்யட்டும்."

மாரிச்செல்வி ஸ்கூட்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

"உன்னைச் சொல்லல. உன் பேப்பர் எல்லாம் பார்த்தேன், நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்" என்றார் மேடம். "இன்னொண்ணு. உன் சம்மதப் படிவத்துல அப்பா கையெழுத்து மட்டும்தான் இருக்கு. அந்த நிலத்தைத் தாண்டி ஒரு தகடு கட்டியிருந்தாலும் ப்ராஜெக்ட் கேன்சல். அனுமதி இல்லாம அடுத்தவங்க நிலத்துல கை வைக்கக் கூடாது. துறையோட முதல் விதி அது."

"தாண்டவே இல்ல மேடம். சித்தப்பா உள்ளேயே விடமாட்டாங்க."

தோப்பில் மாம்பூ வாசம் மூக்கை அடைத்தது. மாசி மாதம் அல்லவா! முதல் மூன்று மரமும் சரியாக இருந்தன. ஜி.பி.எஸ். கருவி காட்டிய இடத்தில் மரம், மரத்தில் தகடு, உச்சிக் கிளையில் குச்சியும் இலையும் அடைத்த கூடு. மேடம் அண்ணாந்து பைனாகுலரில் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார். மூன்றாவது மரத்தில் அணிலே தரிசனம் கொடுத்தது. தோகை மாதிரி வாலைத் தொங்கவிட்டு, கிளையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு கீழே பார்த்தது. மாரிச்செல்விக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

நான்காவது மரத்தில் தகடு இல்லை.

விழுந்திருக்கும் என்று சருகை விலக்கிப் பார்த்தாள். கம்பி கிடந்தது. அறுந்த கம்பி இல்லை, குறடு வைத்து வெட்டிய கம்பி. ஐந்தாவது மரத்துக்கு ஓடினாள். அங்கேயும் இல்லை. ஆறு, ஏழு, எட்டு... பதினான்காவது மரம் வரை ஓடிவிட்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். பதினொரு தகடுகளைக் காணோம்.

"கூடெல்லாம் இருக்கு மேடம். மேல பாருங்க, இருக்கு."

"கூடு இருக்கு. ஆனா நீ குறிச்ச மரம் இதுதான்னு எதை வச்சு நான் கையெழுத்துப் போடறது? ஜி.பி.எஸ். பத்து மீட்டர் முன்னபின்ன காட்டும். பத்து மீட்டருக்குள்ள இங்க நாலு மரம் நிக்குது." மேடத்தின் குரல் மாறிவிட்டிருந்தது. "மாரிச்செல்வி, நிஜத்தைச் சொல்லு. பதினாலு தகடு கட்டினியா, மூணுதான் கட்டினியா?"

"பதினாலும் கட்டுனேன் மேடம், சத்தியமா!"

"இந்தச் சத்தியத்தை நேத்து வினோத்தும் பண்ணினான்."

மாரிச்செல்விக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இதைச் செய்ய ஒரே ஒரு ஆள்தான் உண்டு என்று அவளுக்குத் தோன்றியது. வேலி ஓரம் போய்க் கத்தினாள்.

"சித்தப்பா! சித்தப்பா!"

சங்கிலிப்பாண்டி கழுத்தில் துண்டோடு வந்தார். மாமனார் வீட்டுக் காதுகுத்துக்குச் சோழபுரம் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு, அரைமணி நேரத்துக்கு முன்புதான் திரும்பியிருந்தார். விருந்துச் சாப்பாட்டின் மயக்கம் கண்ணில் இன்னும் இருந்தது.

"எதுக்குட்டி இப்படி அலறுதே?"

"என் தகட்ட என்ன செஞ்சிய?"

"என்ன தகடு?"

"ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்காதிய. பதினொரு தகட்டக் காணோம். உங்களுக்குப் பிடிக்கலன்னா என்னய அடிச்சிருக்கலாம். என் படிப்புல கை வச்சிட்டியளே!"

சங்கிலிப்பாண்டி முன்கோபக்காரர். ஆனால் அன்றைக்கு அவருக்குக் கோபம் வரவில்லை, ரோஷம் வந்தது. புதிதாக வந்த மனுசிக்கு முன்னால் அண்ணன் மகள் தன்னைத் திருடன் என்கிறாள். அவர் வேலிப் படலைத் தள்ளித் திறந்தார்.

"அம்மா, நீங்க யாரோ எவரோ, படிச்சவங்க. உள்ள வாங்க. மோட்டார் ரூமு, குடிசை, வைக்கோல் படப்பு, எங்கன வேணாலும் தேடுங்க. ஒரு தகடு கெடச்சா நான் மீசைய எடுத்துக்கிடுதேன். கெடைக்கலன்னா, இவ எங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

மூன்று பேரும் உள்ளே போனார்கள். இருபது அடிகூடப் போயிருக்க மாட்டார்கள்.

முதல் மாமரத்திலேயே தகடு தொங்கியது. எண் நான்கு.

அடுத்த மாமரத்தில் ஐந்து. தள்ளி நின்ற புளியில் ஆறு. மாரிச்செல்வி வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். கட்டினவர் பொறுப்பான ஆள்தான். மாமரத்துத் தகட்டை மாமரத்தில், புளியமரத்துத் தகட்டைப் புளியமரத்தில், வரிசை கூடத் தப்பாமல் கட்டியிருந்தார். பதினொன்றும் இருந்தன.

சங்கிலிப்பாண்டியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மீசை போயிற்றே என்கிற கவலை அதில் இல்லை. டீக்கடைப் பேச்சு அவர் காதுக்கும் எப்போதோ வந்திருந்தது. ஒவ்வொரு தகடாகத் தொட்டுப் பார்த்தார்.

"என் தோப்ப எழுதிக் குடுத்துட்டியளா?" என்றார். "ரெண்டு நாள் நான் ஊருல இல்லன்னதும் மொத்தத்தையும் காட்டுக்காரனுக்கு எழுதிக் குடுத்துட்டியளா?"

"ஐயா, தகடு கட்டினா நிலம் யாருக்கும் போகாது. இது மாணவங்களோட கணக்குக்கு மட்டும்" என்றார் ஷெரின் மேடம்.

"நீங்க அப்படித்தாம்மா சொல்லுவிய."

அவருக்கு மேடம் மேல் சந்தேகம். மேடத்துக்கு மாரிச்செல்வி மேல் சந்தேகம். மாரிச்செல்விக்கு இனி யார் மேல் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை. சித்தப்பா இதைச் செய்திருக்க முடியாது. தகட்டைக் கண்டு நடுங்குகிற மனுஷன் அதைத் திருடிக்கொண்டு வந்து தன் மரத்திலேயே கட்டுவாரா?

அப்போதுதான் தகடு கட்டியிருந்த விதத்தை அவள் கவனித்தாள்.

கம்பி இல்லை. ஒட்டுக்கன்று கட்டுகிற பிளாஸ்டிக் நாடா. கிளையைச் சுற்றி மூன்று சுற்று, மேலே இழுத்து, நுனியை உள்ளே செருகி, குறுக்கே கத்தரி போட்ட மாதிரி ஒரு முடிச்சு. வருஷா வருஷம் ஆடி மாதத்தில் நூறு கன்றுக்கு மேல் இந்த முடிச்சை அவள் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை வெட்டி வெட்டிக் கொடுத்தவளே அவள்தான்.

அப்பா!

சித்தப்பாவைப் பார்த்தாள். அவரும் நாடாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் அந்த முடிச்சை மெல்லத் தடவினார். அண்ணன் கைவேலை தம்பிக்குத் தெரியாதா?

"மாரிச்செல்வி, இதைக் கட்டினது யாரு?" மேடம் பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டார். "வேற யாராவது எடுத்துக் கட்டினதுன்னா பேரைச் சொல்லு. நீதான் கட்டினேன்னா, அனுமதி இல்லாத நிலம் இது. வண்டியில வரும்போதே சொன்னேன்."

சொன்னாரே. கேன்சல். மூன்று வருஷப் படிப்பு, விடிகாலையில் தோப்புக்கு வந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்த நாற்பது நாள், எல்லாம் போகும். அடுத்த வருஷம் ஜூனியர்களோடு மறுபடி. அப்படியென்றால் அப்பா பெயரைச் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். அது அவ்வளவு லேசு இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் பாகம் பிரித்த கையோடு எல்லைக்கல் நகர்ந்துவிட்டது என்று ஆரம்பித்த சண்டையில் அண்ணனும் தம்பியும் முகம் பார்த்தே பேசியதில்லை. போன தீபாவளிக்குத்தான் பேச்சு வார்த்தை திரும்பியது. இரண்டு தோப்புக்கும் கிணறு ஒன்று. சித்தப்பா வாயால் மிரட்டுவாரே தவிர, அந்தச் சண்டைக்கு நடுவிலும், அவள் பெரியவளானபோது தாய்மாமனுக்கு அடுத்துச் சீர் கொண்டு வந்தவர் அவர்தான். எல்லாம் இந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

சரி, நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று முடிவு செய்துவிட்டாள். ஒரு வருஷம்தானே, போனால் போகட்டும். 'நான்தான் மேடம்' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"என்ன, எல்லாரும் இங்கிட்டு நிக்கிய?"

விஜயபாண்டி படலைத் தாண்டி வந்தார். ஒரு கையில் இளநீர்க் குலை, ஒரு கையில் அரிவாள். மேடத்துக்கு உபசாரம். நான்கடி வந்ததும் தகடும், தம்பி முகமும், திறந்திருந்த நோட்டும் ஒருசேரக் கண்ணில் பட்டன. கால் நின்றுவிட்டது.

"அப்பா வந்துட்டார். ஐயா, இந்தத் தகடெல்லாம் உங்க நிலத்துல இருந்தது. இங்க எப்படி வந்ததுன்னு தெரியுமா?" என்று கேட்டார் மேடம்.

விஜயபாண்டி தம்பியைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"எம் மவதாம் மேடம். சின்னப் புள்ள பாருங்க. வேலி எது, எல்லை எதுன்னு தெரியாமக் கட்டிருப்பா. நான் கண்டிச்சு வைக்கேன். பெரிய மனசு பண்ணி விட்டுருங்க."

மாரிச்செல்விக்கு முதலில் அது விளங்கவே இல்லை. விளங்கியதும் உள்ளே ஏதோ முறிந்தது. அவளே அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் தயாராகத்தான் நின்றாள். ஆனால் அவர் ஒரு நிமிஷங்கூட யோசிக்காமல் மகளைத் தள்ளிவிட்டாரே!

ஷெரின் மேடம் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார்.

"ஐயா, இது கண்டிச்சு விடற விஷயம் இல்ல. இவதான் கட்டினான்னா, நான் இப்பவே இவ ப்ராஜெக்ட்டை நிறுத்தி எழுதணும். இந்த வருஷம் டிகிரி கிடையாது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

விஜயபாண்டிக்குத் தெரியாது. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. மகள் படிப்பும் கெடக் கூடாது, தோப்பும் போகக் கூடாது என்று கணக்குப் போட்டு, பதினான்கு தகட்டில் மூன்றைத் தன்னிடம் விட்டு, பதினொன்றைத் தம்பி பக்கம் தள்ளியவர். மொத்தத்தில் எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று மனசார நம்பியவர். அவர் வாய் திறந்தது. மாரிச்செல்வி காத்திருந்தாள். 'இல்ல மேடம், நான்தான்' என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள்.

அவர் தம்பியைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"மாரிச்செல்வி, அப்பா சொல்றது சரியா?"

"இல்ல மேடம்" என்றாள். "நான் கட்டல. எங்கப்பா கட்டுனது. அவிய கட்டுற முடிச்சு இது. எனக்குத் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும்."

மேடம் நோட்டில் நான்கு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"நான் உன்னை நம்பறேன். ஆனா என் நம்பிக்கையை வச்சுத் துறையில ஒண்ணும் செய்ய முடியாது. தகட்டை எடுத்து இடம் மாத்தினது நான்தான்னு அப்பா எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரணும். திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள என் மேஜைக்கு வரணும். வந்தா உன் வேலை சரி. வரலைன்னா நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

"எழுதித் தருவீங்கள்லப்பா?" என்றாள் மாரிச்செல்வி.

விஜயபாண்டி இளநீர்க் குலையைக் கீழே இறக்கி வைத்தார். அப்போது சங்கிலிப்பாண்டி முன்னால் வந்தார். கத்தப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கத்தவில்லை. நான்காம் எண் தகட்டைக் கட்டியிருந்த நாடாவைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து எடுத்தார்.

"மொத எழுதட்டும் தாயி. எழுதுறப்போ எல்லாத்தையும் சேத்து எழுதட்டும்" என்றவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "அண்ணே, நான் ஊருல இல்லாத ரெண்டு நாள்ல பதினொரு தகடு வேலி தாண்டிருக்கு. எட்டு வருஷத்துக்கு முன்ன, நான் திருப்பூர்ல கெடந்தப்போ எல்லைக்கல்லு ரெண்டு முழம் தாண்டுச்சே. மழையில மண்ணு கரைஞ்சு நகந்துச்சுன்னு அம்மன் கோயில்ல கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுனியே. அதுவும் இந்தக் கைதானா?"

மாரிச்செல்விக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அந்தக் கற்பூரத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய் நீட்டியவளே அவள்தான். பன்னிரண்டு வயசு அப்போது. அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று பள்ளிக்கூடத்தில் சித்தப்பா பிள்ளைகளோடு சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

"ஏம்ப்பா பேசாம நிக்கிறீங்க? இல்லன்னு சொல்லுங்கப்பா" என்றாள்.

விஜயபாண்டி குனிந்து, குலையிலிருந்து ஓர் இளநீரை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.